கடனுக்குப் பின்னால் வரும் மான்யம்

மத்திய, மாநில சர்க்கார்களின் உதவியை நாடும் மைசூர்ச் சிறு தொழிலாளருக்கு உண்மையில் கிடைப்பது என்ன, கிடைக்காமற்போவது எதனால்?

பொழுது நன்றாகப் புலர்வதற்கு முன்பே மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் வாழைத்தார்கள் வந்து இறங்கிவிடுகின்றன. மல்லிகைச் சரமும் வெற்றிலைக் கவுளியும் வண்ண வண்ணக் குங்குமக் குவியலும் வரிசை வரிசையாக விரிந்து கிடக்கும் அந்த நெடிய சந்தையின் ஒரு பக்கத்தில், பச்சை நேந்திரங்காய்த் தார்களைத் தட்டிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்த நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், நாம் தமிழில் பேசுவது காதில் விழுந்ததும் தலை நிமிர்ந்து பார்த்தார். தாய் தகப்பன் காலத்திலேயே சேலம் ஜில்லாவை விட்டு இங்கே வந்து குடியேறிய குடும்பம். வீட்டுக் கொல்லையில் இரண்டு அடுப்பு மூட்டி வறுவல் போட்டு, அக்கம்பக்கத்து பேக்கரிகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கொடுத்துவருவது தொழில். தசரா மாதம் வந்துவிட்டால் இரவு பகல் பாராத வேலை. இயந்திரம் விற்கும் ஏஜெண்டு ஒருவர் அண்மையில் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அவர் மனத்தில் வேரூன்றியிருந்தது.

"பாதிப் பணம் கவர்ன்மெண்டே சும்மாக் குடுக்குதாமே சார், நாம திருப்பித் தர வேண்டாமாமே! நெசந்தானா?"

இந்தக் கேள்வியை இன்று மைசூரில் கேளாதவர் இல்லை. மண்டி மொஹல்லாவின் மரவேலைக் கூடங்களிலும், ஊதுவத்தி உருட்டும் வீடுகளிலும், ஹெப்பாள் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளிலும், பொறியியல் கல்லூரியை விட்டு வெளிவந்த இளைஞர் கூடும் தேநீர்க் கடைகளிலும் இதே பேச்சுத்தான். கேட்பவருக்கு நேர்மையாக விடை சொல்வதானால், மான்யம் இருப்பது உண்மை, பாதி வரை கிடைக்கக்கூடும் என்பதும் உண்மை, ஆனால் அந்தப் பணம் தொழில் தொடங்குகிறவர் கைக்கு வராது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். அது பாங்குக் கடனுக்குப் பின்னால் வந்து, கடன் கணக்கின் அருகிலேயே மூன்று வருஷம் அடைபட்டுக் கிடந்து, தொழில் நிலைத்து நடக்கிறது என்று நேரில் வந்து பார்த்த பிறகே கடனில் கழிகிற பணம். இதை முதலிலேயே அறிந்தவர்கள் பிழைக்கிறார்கள். அறியாமல் இறங்கியவர்களிற் பலர் கைப்பணத்தையும் இழந்து நிற்கிறார்கள்.

பழைய மைசூரின் வழி

சர்க்கார் கைத்தொழிலுக்குக் கை கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதன்று. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1911இல் மைசூர்ப் பொருளாதார மகாநாடு கூடிற்று. 1912இல் விசுவேசுவரய்யா திவானானார். மறு வருஷமே மைசூர் பாங்கு தோன்றிற்று. சென்னை ராஜதானியில் கைத்தொழில் அபிவிருத்திக்குப் பாடுபட்ட ஆல்பிரெட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயரையும் அதே 1912இல் சமஸ்தானம் தன்பால் அழைத்துக்கொண்டது. முதல் உலக யுத்தத்தினால் ஜெர்மனிக்குச் சந்தனக் கட்டை போவது நின்றபோது, கட்டையைக் கிடங்கில் கிடக்க விடாமல் தைலமாக வடிக்கத் தீர்மானித்து, 1916இல் பெங்களூரிலும் 1917இல் மைசூரிலும் ஆலை கண்டார்கள். அண்டையிலுள்ள சென்னை ராஜதானியும் 1922இல் கைத்தொழில்களுக்கு அரசாங்க உதவி வழங்கத் தனிச் சட்டமே இயற்றியது.

அந்தக் காலத்து முறைக்கும் இன்றைய முறைக்கும் இடையே உள்ள வித்தியாசம் கவனிக்கத் தக்கது. அன்று சமஸ்தானம் தானே ஆலை வைத்தது. கடன் கொடுக்கத் தானே ஒரு பாங்கையும் தோற்றுவித்தது. இன்று சர்க்கார் திட்டம் வகுத்து, மான்யத்துக்குப் பணம் ஒதுக்கி, மனுக்களைப் பரிசீலித்துப் பாங்குக்கு அனுப்புவதோடு நிற்கிறது. கொடுப்பதா மறுப்பதா என்ற தீர்மானம் பாங்குக் கிளை மேலாளருடையது. மைசூர் பாங்கோ, 2017 ஏப்ரல் முதல் தேதி ஸ்டேட் பாங்கில் ஐக்கியமாகிவிட்டது.

பத்து லட்சத்தின் கணக்கு

இன்று சிறு தொழிலுக்கான மான்யங்களில் மிகப் பரவலானது, பி.எம்.இ.ஜி.பி. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம். முன்னிருந்த இரு திட்டங்களை ஒன்றாக்கி 2008இல் ஏற்பட்ட இதனைக் கதர் கிராமத் தொழில் கமிஷன் நடத்துகிறது. ஜில்லாத் தொழில் மையத்தின் மூலமாகவும் மனுச் செய்யலாம். உற்பத்தித் தொழிலானால் 50 லட்சம், சேவைத் தொழிலானால் 20 லட்சம் ரூபாய் வரையுள்ள முயற்சிகள் இதற்குள் அடங்கும். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கே இது உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் உண்டு.

மார்க்கெட்டில் கண்ட பெண்மணியைப் போன்ற ஒருவர், ஒரு கிராமத்தில் 10 லட்ச ரூபாய்க்கு வறுவல் தொழிற்கூடம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். பெண் என்பதனால் அவர் விசேஷப் பிரிவினர். கைம்முதலாக 5 சதம், அதாவது 50,000 ரூபாய் போட்டால் போதும். மீதி 9,50,000 ரூபாயும் பாங்குக் கடன். மான்யம் 35 சதம், அதாவது 3,50,000 ரூபாய். இந்தத் தொகை பாங்குக்கு வந்ததும் அவர் பேரில் மூன்று வருஷ டெபாஸிட்டாக வைக்கப்படுகிறது. அதற்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் பகுதிக்கும் வட்டி கிடையாது. ஆகவே வட்டி 6 லட்சத்துக்குத்தான். மூன்று வருஷம் கழித்து அதிகாரிகள் நேரில் வந்து பார்த்துத் தொழில் நடக்கிறதென்று எழுதினால், டெபாஸிட் கடனில் வரவாகிறது. இடையில் தொழில் நின்றுபோனாலோ, மான்யம் வந்த வழியே திரும்பிவிடும். கடன் மட்டும் நிற்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எந்த ஏஜெண்டும் எவரிடமும் சொல்வதில்லை. மான்யத்தின் ஆசையில் 4 லட்சத்து இயந்திரம் போதுமான இடத்தில் 12 லட்சத்து இயந்திரத்துக்குக் கொட்டேஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சதவீதம் ஒன்றுதான், கடனோ மும்மடங்கு. முதல் வருஷம் சரக்கு விற்காமல் தேங்கும்போது, மாதம் தவறாமல் கேட்கப்படுவது தவணை. மான்யம் அப்போது எட்டாத தூரத்தில் இருக்கிறது. மான்யத்துக்கு ஏற்பத் தொழிலை அளந்தவருக்கு நேரும் சங்கடம் இது.

பெட்டிச் செய்தி: எது யாருக்கு?

பி.எம்.இ.ஜி.பி.: பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதம், கிராமத்தில் 25 சதம், கைம்முதல் 10 சதம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள் ஆகிய விசேஷப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதம். கைம்முதல் 5 சதம். உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு மேற்பட்டால் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும்.

பி.எம்.எப்.எம்.இ. (உணவு பதனிடும் சிறு தொழில்கள்): மத்திய சர்க்கார் 2020இல் கொண்டுவந்தது, 35 சதம், உச்சம் 10 லட்சம். கர்நாடக சர்க்கார் மேலும் 15 சதம் சேர்ப்பதால் மொத்தம் 50 சதம், உச்சம் 15 லட்சம். மகளிர் சுய உதவிக் குழுவினருக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க முதல்.

உத்யோகினி: கர்நாடக மகளிர் அபிவிருத்தி நிகமம் நடத்துவது, 3 லட்சம் வரை கடன். தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண்களுக்குப் பாதி மான்யம். மற்றவர்களுக்கு 30 சதம், உச்சம் 90,000 ரூபாய். குடும்ப வருமான வரம்பு உண்டு.

பி.எம். விசுவகர்மா: 2023 செப்டம்பர் 17 முதல், 18 கைத்தொழில்களுக்கு. பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன்.

எல்லைக் கோடு நகர்ந்தபோது

நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே பத்துச் சதவீத வித்தியாசம் என்பது காகிதத்தில் சிறிதாகத் தோன்றும். பத்து லட்சத்துத் தொழிலுக்கு அது ஒரு லட்ச ரூபாய். கொல்லை அடுப்பில் வறுவல் போடுகிறவருக்கு அது வருஷக் கணக்கில் சேர்க்க வேண்டிய பணம். பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் கிராமப் பஞ்சாயத்தின் எல்லைக்குட்பட்டது கிராமம். நகரசபை, பட்டணப் பஞ்சாயத்து ஆகியவற்றின் எல்லைக்குட்பட்டது நகரம். 2020ஆம் வருஷத்தில் மைசூரைச் சுற்றியுள்ள ஹூட்டகள்ளி நகரசபையாகவும், போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடகொளா ஆகியவை பட்டணப் பஞ்சாயத்துகளாகவும் உயர்த்தப்பட்டன. நகர விஸ்தரிப்புக்கு அது அவசியமாயிருக்கலாம். ஆனால் அந்த ஊர்களில் குறைந்த வாடகைக்கு இடம் பிடித்துத் தொழில் வைக்க எண்ணியவர்களுக்கு விளைந்தது என்ன? வீடு அதே வீடு, தெரு அதே தெரு, குழாயில் வரும் தண்ணீரும் அதே தண்ணீர். கிராமத்துக்குரிய மேல்விகிதத்தை மாத்திரம் இனி எண்ணி இருக்க முடியாது.

நகரமாகப் பெயர் மாறிய மறுநாளே நகரத்து வசதிகள் வந்துவிடுவதில்லை. ஆகவே மான்ய விகிதமும் சில வருஷம் பொறுத்து மாறுவதே நியாயம். இப்படிப்பட்ட இடைக்கால ஏற்பாடு ஒன்றை மத்திய சர்க்கார் செய்ய வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். அதுவரையில், இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அந்த ஸர்வே நம்பர் எந்த எல்லைக்குள் இருக்கிறதென்று விசாரித்து எழுத்தில் வாங்கிக்கொள்வது மனுதாரரின் முதல் வேலையாக இருக்கட்டும்.

உணவுப் பண்டம் செய்கிறவர்களுக்கு இந்த எல்லைத் தொல்லை வேண்டியதில்லை. பி.எம்.எப்.எம்.இ. திட்டத்தில் நகரம், கிராமம் என்ற பேதமில்லை. அதே 10 லட்சத்து வறுவல் தொழிலுக்கு, செலவு முழுவதும் மான்யத்துக்குத் தகுந்ததானால், கைம்முதல் 1 லட்சமும் கடன் 9 லட்சமுமாகி, கர்நாடகத்தின் பங்கையும் சேர்த்து 5 லட்சம் மான்யமாகிறது. கடைசியில் தாமே அடைக்க வேண்டிய கடன் 4 லட்சந்தான். 'பாதிப் பணம்' என்று ஊரில் வழங்கும் பேச்சுக்கு மூலம் இதுவே. ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு பண்டம் என்ற ஏற்பாட்டில் மைசூர் ஜில்லாவுக்கு விதிக்கப்பட்டதும் வாழையே. நஞ்சன்கூட்டு ரசபாளை என்ற புகழ்பெற்ற பழம் பனாமா வாடல் நோயினால் குறுகிப்போன இந்த ஜில்லாவில், வாழையைப் பதனிட்டு விலை கூட்டும் தொழில்கள் தழைத்தால் பயிரிடுகிறவர்களுக்கும் அது ஜீவாதாரம். இந்த நகரிலேயே 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், செலுவாம்பா மாளிகையில் இருந்துகொண்டு, கட்டணத்தின் பேரில் செய்முறைகளைத் தொழில் செய்வோருக்குக் கொடுத்துவருகிறது. வறுவல் எண்ணெய் கசந்து போகாமல் எத்தனை நாள் இருக்கும் என்பதற்கு விடை அறிந்தவர்கள் அந்த மதில்களுக்குள் இருக்கிறார்கள். கொல்லையில் அடுப்பெரிப்பவர்களோ அந்த வாசலைத் தங்களுடையதாக எண்ணுவதில்லை.

பாங்கின் வாசலில்

மனுக்கள் நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இதுவே. ஜில்லாத் தொழில் மையம் பரிசீலித்து அனுப்பிய மனுவையும் பாங்கு ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிளை மேலாளரைக் குறை கூறுவது எளிது. அவர் கொடுக்கும் கடன் பொதுஜனங்களின் சேமிப்பு, வாராக் கடனானால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. ஆயினும், அவர் மறுக்கும் விதமே சிறு தொழிலாளரின் மனத்தை ஒடிக்கிறது. "அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலையே மாதக் கணக்கில் கேட்டவர்களை நாம் கண்டோம். கணவருடைய பழைய நகைக் கடனையோ, தாம் ஜாமீன் நின்ற வேறொருவருடைய தவணையையோ காரணமாக்கி, கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் சரியில்லை என்று வாய்மொழியாகவே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள் என்று ஒரு தையற்கூடத்துச் சகோதரி சொன்னபோது, அவர் குரலில் கோபத்தைவிட அவமானமே மிகுந்திருந்தது.

சட்டம் அவர் பக்கம் இருக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சிறு தொழில்களுக்கு 10 லட்ச ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்கலாகாது என்று ரிஸர்வ் பாங்கு பாங்குகளுக்குக் கட்டளை இட்டிருக்கிறது. அந்தக் கடன்களுக்கு ஈடாக நிற்பதற்கென்றே 2000ஆம் வருஷத்தில் கடன் உத்தரவாத டிரஸ்டு ஒன்று நிறுவப்பட்டது. 25 லட்சம் வரையிலான சிறு தொழிற் கடன் மனுவின் மீது, காகிதங்கள் பூர்த்தியாக வந்த பிறகு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் செய்ய வேண்டும் என்பதும் விதி. மறுத்தால் அதற்குரிய முக்கிய காரணங்களை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. விதிகள் இருக்க, அவை இருப்பதை அறியாத ஒருவர் கிளையின் பெஞ்சில் காலையெல்லாம் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புகிறார் என்றால், குறை அவருடையதன்று.

இங்கே நமது தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிரமமும் சேர்கிறது. ஆபீஸ் காரியங்கள் கன்னடத்தில் நடக்கின்றன, அது நியாயமும்கூட. இரண்டு மூன்று தலைமுறையாக இங்கே வாழ்ந்து கன்னடத்தைச் சரளமாகப் பேசுகிறவர்களும் எழுத்தில் தயங்கி, மனு எழுதிக் கொடுப்பவரை நாடிப் போகிறார்கள். சாதிச் சான்றின் விஷயம் அதைவிடக் கடினம். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ராஜ்யத்துக்கு ராஜ்யம் வேறு. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பின் வேறு ராஜ்யத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் தங்கள் பூர்விக ராஜ்யத்தின் பட்டியலைக் கொண்டு புதிய இடத்தில் சலுகை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 1990இல் தீர்ப்பளித்தது. வேலை தேடி மைசூருக்கு வந்த தாழ்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களிற் பல, இங்கே பிறந்து இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கும் சான்று கிடைக்காமல் தவிக்கின்றன. இவர்கள் அறிந்திருக்க வேண்டிய அனுகூலம் ஒன்று உண்டு: பி.எம்.இ.ஜி.பி.யில் பெண் என்பதே விசேஷப் பிரிவில் சேரப் போதுமானது. குடும்பத்தில் தொழிலை உண்மையாகவே நடத்துகிறவர் பெண்ணாயிருந்தால், மனு அவர் பேரில் இருப்பதே முறை. சாதிச் சான்றுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதில்லை. கணவர் நடத்தும் தொழிலுக்கு மனைவியின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்வது வேறு விஷயம். கடன் அவள் தலைமேல் விழும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றைத் தொட்டால் மற்றொன்று இல்லை

பூத்தொடுப்போர், தச்சர், குயவர், பொற்கொல்லர், தையற்காரர், சலவைத் தொழிலாளர் முதலிய பதினெட்டு வகையினருக்கு விசுவகர்மாத் திட்டம் உண்டு. மைசூர் மல்லிகையைச் சரமாக்கி வயிறு வளர்க்கும் பெண்களுக்கு இதில் இடமிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஈட்டி மரத்தில் வேற்று மரத் துண்டுகளைப் பதித்துச் சித்திரம் தீட்டும் மைசூரின் பதிப்பு வேலை, புவிசார் குறியீடு பெற்ற கலையாயிருந்தும், பட்டியலில் தனிப் பேர் பெறவில்லை. தச்சர் என்ற தலைப்பின் கீழ்தான் அந்த வேலை செய்வோர் விண்ணப்பிக்க முடியும்.

இதிலும் ஒரு நிபந்தனையை அசட்டை செய்யலாகாது. கடந்த ஐந்து வருஷங்களுக்குள் பி.எம்.இ.ஜி.பி. போன்ற சர்க்கார் திட்டத்தில் தொழிற்கடன் பெற்றவருக்கு விசுவகர்மா இல்லை; முன்னர் வேறு மான்யம் பெற்று நடக்கும் தொழிலுக்குப் பி.எம்.இ.ஜி.பி. இல்லை. எதை முதலில் தொடுவது என்பது நிதானித்துச் செய்ய வேண்டிய முடிவு. யாரோ கேட்டார்கள் என்று விரலைப் பதித்துவிட்டு, அவசியம் வந்தபோது வாசல் அடைபட்டிருக்கக் காண்பவர்கள் மனம் நோகிறார்கள்.

திருப்பித் தர வேண்டாத பணம்

கடனோடு ஒட்டாத, முழு நன்கொடையாகவே கிடைக்கும் பணமும் இருக்கத்தான் செய்கிறது. அது போய்ச் சேருமிடம் வேறு. கர்நாடக சர்க்காரின் 'எலிவேட்' திட்டத்தில் தேர்வு பெறும் புதுத் தொழில்களுக்கு 50 லட்ச ரூபாய் வரை கிடைக்கும், பங்குரிமையும் கேட்பதில்லை. மத்திய சர்க்கார் 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் விதைநிதியில், ஒரு யோசனை நடைமுறையில் செல்லுமென்று நிரூபிக்க 20 லட்சம் வரை உண்டு. ஆனால் இரண்டும் புதிய கண்டுபிடிப்பையோ புதிய முறையையோ கேட்கின்றன. வறுவல் கடைக்கும் தையற்கூடத்துக்கும் அங்கே இடமில்லை. படித்த இளைஞர்களுக்கு, ஜே.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி வளாகத்துத் தொழில் முனைவோர் பூங்காவும், உணவு ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்த தொழில் வளர்ப்பகமும் மைசூரிலேயே இருக்கின்றன. பெங்களூருக்கு ஓடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

சாமானியத் தொழிலாளர்க்குப் பெரிய நன்கொடை கிடைக்கும் வழி, கூடி நிற்பது. 2005இல் தொடங்கிய 'ஸ்பூர்த்தி' திட்டம் பாரம்பரியக் கைவினைஞர் தொகுதிகளுக்குப் பொதுக் கூடமும் பொது இயந்திரமும் அமைக்கக் கோடிக் கணக்கில் வழங்குகிறது. செலவில் மிகப் பெரும்பகுதி நன்கொடையே. தனி ஒருவர் கனவிலும் வாங்க முடியாத மரம் உலர்த்தும் இயந்திரத்தைப் பல பட்டறைகள் சேர்ந்து அடையலாம். இந்த ஊர்ப் பட்டறைக்காரர்கள் ஒருவர்க்கொருவர் விலையைக் குறைத்துக்கொண்டு போட்டியிடுவதில் செலவிடும் சக்தியில் ஒரு பகுதியை இதில் செலவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

பெட்டிச் செய்தி: ஓசூருக்கு அப்பால்

எல்லை தாண்டினால் மாநிலத் திட்டங்கள் வேறு. தமிழ்நாட்டில் 2012 முதல் நடக்கும் 'நீட்ஸ்' திட்டம் படித்த முதல் தலைமுறைத் தொழில் முனைவோருக்கு 25 சத மான்யம் தருகிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 2023 முதல் அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதம், உச்சம் 1.5 கோடி. கைவினைஞருக்குக் கலைஞர் கைவினைத் திட்டம். இவை தமிழ்நாட்டில் தொழில் வைப்போருக்கே. மைசூரில் தொழில் நடத்தும் தமிழருக்குப் பொருந்துவன கர்நாடகத் திட்டங்கள்.

வழிகாட்டிகளும் தரகர்களும்

மனுவைப் போலவே, மனுவைச் சுற்றியும் ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. உத்யம் என்ற தொழிற்பதிவு 2020 ஜூலை முதல் தேதியிலிருந்து நடப்பில் உள்ளது. அதற்குச் சல்லிக்காசு கட்டணமில்லை. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்துகொள்ளலாம். அதற்கே ஆயிரக் கணக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பி.எம்.இ.ஜி.பி. மனுவுக்கும் கட்டணமில்லை, ஆனால் 'ப்ராஜெக்ட் ரிப்போர்ட்' என்ற பேரில், ஒருவருக்கு எழுதியதையே பேரை மாற்றி இன்னொருவருக்கும் விற்கிறார்கள். கிளை மேலாளர் இரண்டு கேள்வி கேட்டதும் மனுதாரர் விழிப்பது இதனால்தான். தம் தொழிலின் எண்ணெய்ச் செலவையும் கூலியையும் விற்பனையையும் விரல்நுனியில் வைத்திருக்கும் ஒருவர், அச்சிட்ட பொய்க் கணக்கின் முன்னால் ஊமையாகிவிடுகிறார். கணக்கு அவருடையதாகவே இருந்திருந்தால் அந்தக் கேள்விகளுக்கு அவரைவிட நன்றாக யார் விடை சொல்ல முடியும்!

இதற்கு மாற்று மைசூரிலேயே இருக்கிறது. தர்மஸ்தலத்துக்கு அருகிலுள்ள உஜிரேயில் வீரேந்திர ஹெக்கடே அவர்களின் முயற்சியால், ஸிண்டிகேட், கனரா பாங்குகளின் கூட்டுறவோடு 1982இல் தோன்றிய ருட்செட் பயிற்சி நிலையம், பின்னர் நாடெங்கும் ஜில்லாவுக்கொன்றாக ஏற்பட்ட இத்தகைய நிலையங்களுக்கு முன்மாதிரியாயிற்று. அதன் மைசூர்க் கிளையில் பயிற்சியும் உணவும் தங்குமிடமும் இலவசம். கணக்கெழுதுவதும் பாங்கை அணுகுவதும் சேர்த்தே சொல்லித் தருகிறார்கள். பி.எம்.இ.ஜி.பி.க்குக் கட்டாயமான தொழில் முனைவோர் பயிற்சியை எப்படியும் பெற்றாக வேண்டும். அதை மனுவுக்கு முன்னமே பெறுவது புத்திசாலித்தனம்.

ஆனால் பயிற்சி முடிந்த பிறகும், மனுவுக்கும் பாங்குக்கும் இடையே கைபிடித்து நடத்திச் செல்லும் ஆள் ஒருவர் தேவை. உணவுத் தொழில் திட்டத்தில் இதற்கென்று ஜில்லா ஆதார நபர்களை நியமித்திருக்கிறார்கள். மனு எழுதுவது முதல் பாங்குக் கடன், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் வரை உதவுவது அவர்கள் கடமை, அதற்குரிய ஊதியத்தைச் சர்க்காரே கொடுக்கிறது. மற்றத் திட்டங்களுக்கும் இந்த ஏற்பாட்டை விரிவாக்குவதில் என்ன தடை இருக்க முடியும்? தரகருக்குப் போகும் பணம் மனுதாரரிடமே நிற்கும். பாங்குக்கும் உண்மையான கணக்கு வந்து சேரும்.

இப்போது செய்ய வேண்டியது

பி.எம்.இ.ஜி.பி., பி.எம்.எப்.எம்.இ. ஆகிய இரண்டுக்கும் கடைசியாக விதிக்கப்பட்ட காலம் 2025-26 நிதி வருஷம் வரையில். அதற்கு அப்பால் எந்த விகிதத்தில், எந்த நிபந்தனையோடு நடக்கிறது என்பதை ஜில்லாத் தொழில் மையத்தில் கேட்டறிந்த பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். கடன் அனுமதியாவதற்கு முன்னால் வாங்கிய இயந்திரத்தின் விலை பின்னர் மான்யக் கணக்கில் சேரும் என்ற நம்பிக்கையில் எவரும் கைப்பணத்தைக் கொட்டலாகாது. மனுவை நேரில் கொடுத்தால் தேதியிட்ட ரசீது வாங்க வேண்டும். இணையத்தில் கொடுத்தால் மனு எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். 14 வேலை நாள் கடந்தும் பதில் இல்லையென்றால் கிளை மேலாளருக்கு எழுத்தில் கேள்வி. அதன்பின் ஜில்லா லீட் பாங்க் மேலாளர். எழுதிய புகாருக்குப் பாங்கு முப்பது நாளில் தக்க பதில் தராவிட்டால் ரிஸர்வ் பாங்கின் ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர். 2021 நவம்பர் முதல் அந்தப் புகாருக்கு எல்லா பாங்குகளுக்கும் பொதுவான ஒரே வழி ஏற்பட்டிருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம், தமிழிலேயே எழுதி அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வார்கள்.